கார் பாகத்திலிருந்து கேனுலாவுக்கு: மாறலாமா?

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன் நான். ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஐந்து வருடமாக மோல்டிங் பிரிவில் பிராசஸ் இன்ஜினியராக இருக்கிறேன். ஒரகடம் பக்கம், ரத்த நாளத்தில் மருந்து ஏற்றச் செருகும் ஐவி கேனுலா, கதீட்டர் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் கொஞ்சம்தான் கூடுதல். இரண்டு வருட பாண்ட் கேட்கிறார்கள். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்த என் மனைவியையும் அங்கேயே லேபுக்கு அழைக்கிறார்கள். நாங்கள் குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கும் நேரம். அந்த ஃபேக்டரியில் ஈடிஓ என்ற வாயுவில் கிருமி நீக்கி ஸ்டெரிலைஸ் செய்கிறார்கள், அது புற்றுநோய் வரவழைக்கும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். மருத்துவக் கருவித் துறைக்கு மந்தமே வராது என்கிறார்களே, உண்மையா? பிடிக்காவிட்டால் திரும்ப ஆட்டோமொபைலுக்கு வர முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்:

உங்கள் கடிதத்தில் இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. உங்களுக்கு: சில விஷயங்களை விசாரித்துவிட்டுப் போகலாம். உங்கள் மனைவிக்கு: ஒரு குறிப்பிட்ட கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை சம்மதம் சொல்ல வேண்டாம். அது என்ன கேள்வி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வேலை. மோல்டிங் மெஷின் அதே மெஷின்தான். அச்சு முழுக்க நிரம்பாத ஷார்ட் ஷாட், ஓரத்தில் பிதுங்கும் ஃப்ளாஷ், பரப்பில் குழி விழும் சிங்க் மார்க் எல்லாம் அங்கேயும் வரும். மாறுவது, அவை வந்தால் நீங்கள் என்ன செய்யலாம் என்பது. இப்போது இருக்கும் இடத்தில் சிங்க் மார்க் தெரிந்தால் ஹோல்டிங் பிரஷரைக் கொஞ்சம் கூட்டி, கூலிங் நேரத்தை ஒரு விநாடி நீட்டி, லைனை ஓட்டிவிடுவீர்கள். நல்ல பிராசஸ் இன்ஜினியர் என்று பேர் வாங்குவதே அந்தக் கைப்பக்குவத்தால்தான். கேனுலா ஃபேக்டரியில் ஒவ்வொரு மோல்டுக்கும் வேலிடேஷன் செய்து, அதாவது எப்படி ஓட்டினால் எப்போதும் சரியான பாகம் வரும் என்று சோதித்து நிரூபித்து, மெல்ட் வெப்பநிலை இதிலிருந்து இதுவரை, ஹோல்டிங் பிரஷர் இதிலிருந்து இதுவரை என்று எல்லை கட்டியிருப்பார்கள். அந்த எல்லைக்குள் சரிசெய்யலாம். ஒரு புள்ளி வெளியே போனாலும் அந்த நேரத்தில் ஓடிய பாகங்கள் அத்தனையும் தனியாக நிறுத்தி வைக்கப்படும். விலகல் அறிக்கை எழுத வேண்டும். காரணம் கண்டுபிடித்து, தர உறுதிப் பிரிவு கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த பேட்ச் நகரும். எல்லையையே மாற்ற வேண்டுமென்றால் மாற்றக் கோரிக்கை, ஆபத்து மதிப்பீடு, மறு வேலிடேஷன் என்று வாரக்கணக்கில் இழுக்கும். தினமும் எதையாவது நோண்டிச் சரிசெய்வதில்தான் சந்தோஷம் என்றால், முதல் ஆறு மாதம் கையைக் கட்டிப் போட்டதுபோல இருக்கும். இந்தத் துறைக்கு வந்த நல்ல மோல்டிங் ஆட்கள் விட்டுப் போவதற்குச் சம்பளத்தைவிட இதுவே பெரிய காரணம்.

சின்னச் சின்னப் பழக்கங்களும் மாறும். அச்சு வழியில் மிஞ்சும் பிளாஸ்டிக்கான ரன்னரை அரைத்து மறுபடி மெஷினின் ஹாப்பரில் போடுவது பொதுவாக நடக்காது. மோல்டு ரிலீஸ் ஸ்பிரே அடிக்க முடியாது. அந்த சிலிகான் பூச்சு போய் ஒட்ட வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால் ஹப்பும் (குழாயின் பிடிப்பகுதி) குழாயும் கழன்று வரும், உடலுக்குள் போனால் அது வேறு பிரச்சினை. எஜெக்டர் பின்னுக்குப் போடும் கிரீஸ்கூட அனுமதிப் பட்டியலில் இருப்பதாகத்தான் இருக்க வேண்டும். மூலப்பொருள் சப்ளையர் கிரேடை மாற்றினால், "அதே பாலிபுரொப்பிலீன்தானே" என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், கேனுலா பார்க்கச் சின்னதாக இருந்தாலும் தப்பு நடக்க நிறைய இடம் உள்ள பொருள். நர்ஸ்கள் வென்ஃப்ளான் என்று சொல்லும் அந்தச் சாமானில் மெல்லிய ஃப்ளூரோபாலிமர் அல்லது பாலியூரித்தேன் குழாய், அதற்குள் எவர்சில்வர் ஊசி, ஹப், இறக்கைகள், மருந்து செலுத்தும் வால்வு, ரத்தம் வந்துவிட்டதைக் காட்டும் சின்ன அறை என்று பல பாகங்கள். குழாயின் நுனி ஊசியோடு ஒட்டிக் கூராக வார்க்கப்பட்டிருக்க வேண்டும். அங்கே மயிரிழைப் பிளவு இருந்தால் தோலுக்குள் நுழையும்போது நுனி மடங்கும். நோயாளிக்கு வலி, நர்ஸுக்கு இரண்டாவது குத்து. ஊசி முனைக்கும் குழாய் நுனிக்கும் உள்ள தூரம் கூடினால், ரத்தம் தெரிந்தும் குழாய் நாளத்துக்கு வெளியே நிற்கும். ஹப் நிறம் அளவைச் சொல்லும்: 18 கேஜ் பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள். லைனில் முந்தைய அளவின் ஹப் ஒன்று டிரேயில் தங்கிவிட்டால் குழந்தைக்குப் போட வேண்டிய பெட்டியில் பெரிய அளவு போய்விடும். அதனால் ஒவ்வொரு அளவு மாறும்போதும் லைன் கிளியரன்ஸ்: மேசை, டிரே, தரை, மெஷினின் இடுக்கு எல்லாம் காலி என்று இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஐவி கேனுலாவை இந்திய அரசு 2005லேயே மருந்துச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்துவிட்டது. ஏறக்குறைய எல்லா மருத்துவக் கருவிகளும் அந்த வளையத்துக்குள் வந்தது 2020 ஏப்ரலில்தான்.

அடுத்து காகிதம். செய்த வேலைக்குச் சமமாக எழுதும் வேலையும் இருக்கும்; பல நாட்களில் அதைவிட அதிகம். பேட்ச் பதிவேட்டில் ஒவ்வொரு படிக்கும் நேரம், அளவு, செய்தவர், சரிபார்த்தவர். தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை கூடாது, மேலெழுதவும் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, காரணம், தேதி, கையெழுத்து. சலிப்பாக இருக்கும், ஆனால் இது பழகிவிடும். பழகக் கூடாத ஒன்று இருக்கிறது: முந்தாநாள் விட்டுப்போன பதிவை அன்றைய தேதி போட்டு இன்று நிரப்புவது. மாதக் கடைசியில் யாராவது "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்பார்கள். 2017இன் மருத்துவக் கருவி விதிகள், 1940இன் மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தின் கீழ் வந்தவை. அந்தச் சட்டத்தில் தண்டனைப் பிரிவுகள் உண்டு. பதிவேடுகள் வருடக்கணக்கில் பாதுகாக்கப்படும். நீங்கள் வேலையை விட்டுப் போன பிறகும் உங்கள் கையெழுத்து அங்கேயே இருக்கும்.

மாதக் கடைசி நெருக்கடி ஆட்டோமொபைலிலும் உண்டு, தெரிந்ததுதான். இங்கே அதன் முகம் வேறு. பாகம் செய்து முடித்தால் அனுப்ப முடியாது. பேக்கிங், ஈடிஓ சுழற்சி, வாயு வெளியேறக் காத்திருப்பு, சரக்கோடு வைத்த உயிரிச் சுட்டிகளை (கிருமி செத்ததா என்று காட்டும் நுண்ணுயிர்ப் பட்டைகளை) வளர்த்துப் பார்ப்பது என்று எல்லாம் முடிய வேண்டும். பழைய முறையில் சுட்டிகளுக்கு மட்டும் ஏழு நாள். கிடங்கில் பெட்டி அடுக்கியிருக்கும், விற்பனைப் பிரிவு போனில் கத்தும், நுண்ணுயிர் ஆய்வகம் "இன்னும் இரண்டு நாள்" என்று சொல்லும். அந்த இரண்டு நாளை ஒரு கம்பெனி எப்படிக் கடக்கிறது என்பதில் அதன் குணம் தெரிந்துவிடும்.

க்ளீன் ரூம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். கேனுலா பொருத்தும் அறைகள் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 8ஆம் வகுப்பு, சில இடங்களில் 7ஆம் வகுப்பு. 7ஆம் வகுப்பு என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரான், அதற்கு மேற்பட்ட துகள்கள் 3,52,000க்குள் இருக்க வேண்டும். 8க்கு அதைப் போலப் பத்து மடங்கு. அங்கே துகளைக் கொட்டும் பெரிய மூலம் மனிதன்தான். அதனால் தலை முதல் கால்வரை மூடிய உடை, முகக்கவசம், கையுறை. போன், வாட்ச், மோதிரம், பவுடர், விபூதி எதுவும் கூடாது. சளி பிடித்தாலும் தோலில் புண் இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். குளிரூட்டிய அறை என்று வெளியிலிருந்து பொறாமைப்படுவார்கள். உள்ளே இருப்பவருக்குத் தாகம் தெரியாது, உடை கழற்றி மாட்டும் தொல்லைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையும் கழிவறை போவதையும் தள்ளிப்போடுவார். பெண் ஊழியர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வருவதற்கு இது நேரான வழி. நீங்கள் இன்ஜினியர், வெளியே வந்து போவீர்கள். லைனில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வழியே ஊசி நுனி பார்ப்பவர்களுக்குக் கண்ணும் கழுத்தும் தேயும். அவர்களில் பலர் கான்ட்ராக்ட் ஆட்களாகவும் இருப்பார்கள், அவர்கள் அடிக்கடி மாறுவார்கள், புதிதாக வந்தவருக்குப் பயிற்சி கொடுத்துப் பதிவு செய்யும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். இன்டர்வியூவுக்குப் போனபோது இடைவேளை எத்தனை என்று யாரையாவது கேட்டீர்களா?

இனி ஈடிஓ. எத்திலீன் ஆக்சைடு என்பது அதன் முழுப் பெயர். கேனுலாவின் ஃப்ளூரோபாலிமர் குழாயும் சாதாரண பாலிபுரொப்பிலீனும் காமா கதிரில் வலுவிழக்கும், நீராவியின் சூட்டை முடிந்த பொருளும் அதன் பேக்கிங்கும் தாங்காது. அதனால்தான் இந்த வாயு. சேம்பருக்குள் காற்றை உறிஞ்சி, ஈரப்பதம் ஏற்றி, பொதுவாக 40 முதல் 60 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் வாயுவில் வைத்து, பிறகு கழுவி வெளியேற்றி, தனி அறையில் காற்றோட்டத்தில் விடுவார்கள்.

நண்பர்கள் சொன்னது வதந்தி அல்ல. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994லேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. இனப்பெருக்கத்துக்கும் கருவுக்கும் கேடு என்பதும் நெடுநாளாகத் தெரிந்த ஆபத்து. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதியில் எட்டு மணி நேரச் சராசரி வரம்பு காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 பிபிஎம். எந்தப் பதினைந்து நிமிடத்திலும் 5 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. மோசமான விஷயம் என்னவென்றால், மூக்குக்கு வாசனை தெரிவதற்குள் அளவு சில நூறு பிபிஎம் ஆகியிருக்கும். "எங்களுக்கு வாசனையே வராது சார்" என்று யாராவது தைரியம் சொன்னால் அது பாதுகாப்புக்குச் சான்று இல்லை. துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க், என்95 எதுவும் இந்த வாயுவைத் தடுக்காது, அவை துகளுக்கானவை. வாயு இருக்கும் இடத்துக்குப் போக வேண்டியிருந்தால் வெளியிலிருந்து காற்று தரும் கவசம் வேண்டும்.

ஆனால் ஃபேக்டரி முழுக்க வாயு மிதப்பதில்லை. ஆபத்து சில இடங்களில், சில நிமிடங்களில் குவிந்திருக்கிறது: சிலிண்டர் மாற்றும்போது, சுழற்சி முடிந்து சேம்பர் கதவைத் திறக்கும்போது, சரக்கைக் காற்றோட்ட அறைக்குத் தள்ளும்போது. பலர் கவனிக்காத இன்னொரு இடம், காற்றோட்டம் சரியாக முடியாத பெட்டிகளை அடுக்கும் கிடங்கு. பிளாஸ்டிக்கும் அட்டையும் உறிஞ்சிய வாயுவை மெதுவாக விட்டுக்கொண்டே இருக்கும். மோல்டிங் ஹால் தனிக் கட்டடத்திலோ தள்ளியோ இருந்தால் உங்களுக்கு இதில் பெரிய பங்கில்லை.

உங்கள் மனைவிக்கு இருக்கலாம். சரக்கோடு உள்ளே வைத்த உயிரிச் சுட்டிப் பட்டைகளைச் சுழற்சி முடிந்ததும் யாராவது பெட்டிகளைப் பிரித்து எடுக்க வேண்டும். பல இடங்களில் அந்த வேலை மைக்ரோபயாலஜி லேப் ஆளுக்குத்தான் போகிறது. எஞ்சிய வாயு சோதனைக்கு மாதிரி எடுப்பதும் அப்படியே. வேலை ஆணையில் "ஆய்வகம்" என்று இருக்கும், ஆனால் மூச்சில் வாயு ஏறும் இடம் சேம்பர் வாசல். அதனால் அவர் கேட்க வேண்டிய கேள்வி இது: "சுட்டிகளை யார் எடுக்கிறார்கள், எந்தக் கட்டத்தில், என்ன கவசத்தோடு?" காற்றோட்டத்துக்கு முன்பே லேப் ஆள் போய் எடுக்கிறார், சாதாரண மாஸ்க் போட்டுக்கொள்கிறார் என்று பதில் வந்தால் வேண்டாம். சேம்பரை இயக்கும் ஆபரேட்டர் ஒருவர் கவசத்தோடு எடுத்துக் கொடுக்கிறார், லேபுக்குக் காற்றழுத்தம் தனி என்றால் பேச்சைத் தொடரலாம். சட்டையில் குத்திக்கொள்ளும் அளவீட்டு பேட்ஜ் தருகிறார்களா, கடைசியாக எடுத்த அளவுகளைக் காட்டுவார்களா, சேம்பர் அறையில் நிலையான உணரியும் அலாரமும் உண்டா என்பதையும் கேட்கட்டும். கர்ப்பம் என்று தெரிந்த நாளில் வேறு வேலைக்கு மாற்றுவோம் என்பது போதாது. கரு உருவாகும் முதல் வாரங்களில் தாய்க்கே தெரிந்திருக்காது. திட்டமிடும் காலத்திலிருந்தே அந்தப் பக்கம் போகாத வேலை வேண்டும், அது எழுத்தில் வேண்டும். இதே கேள்வி உங்களுக்கும் ஓரளவு பொருந்தும். ஆணின் இனப்பெருக்கத்தையும் இது விட்டுவைப்பதில்லை. ஸ்டெரிலைசேஷன் ஷிஃப்டுக்கு ஆள் குறைந்தால் மோல்டிங் இன்ஜினியரை அனுப்புவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

மந்தம் வராது என்பது பாதி உண்மை. ஊசி, கேனுலா, ஐவி செட் போன்றவற்றுக்குத் தேவை குறையாது. கார் விற்பனை விழுந்தால் மூன்றாவது ஷிஃப்டை மூடுவதுபோல இங்கே நடப்பது அபூர்வம். ஆனால் ஒரு தொழிற்சாலையின் தேவை வேறு, துறையின் தேவை வேறு. அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற அமைப்புகளின் டெண்டரை மட்டும் நம்பி ஓடும் லைன், அடுத்த டெண்டரில் சில பைசாவில் தோற்றால் சும்மா நிற்கும். 2017இல் இதய ஸ்டென்டுக்கும், அதே வருடம் முழங்கால் மூட்டுக்கும் அரசு உச்ச விலை நிர்ணயித்தது. ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஐரோப்பாவின் புதிய மருத்துவக் கருவிச் சட்டம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்ததில் ஆவணச் செலவு ஏறியது. 2020இல் மாஸ்க்கும் பிபிஇ உடையும் தைக்கத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் இன்று ஓடுகிறார்கள் என்று உங்கள் பக்கத்திலேயே விசாரிக்கலாம். ஆகவே கேட்க வேண்டியது: விற்பனையில் எவ்வளவு டெண்டர், எவ்வளவு தனியார், எவ்வளவு ஏற்றுமதி?

கம்பெனியை வெளியிலிருந்தே ஓரளவு எடைபோட முடியும். அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள் என்றால், அந்நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுப்பும் எச்சரிக்கைக் கடிதங்களும் இறக்குமதித் தடைப் பட்டியலும் அதன் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. கம்பெனி பெயரைத் தேடிப் பாருங்கள். கடிதம் இருந்தால் அதைப் படியுங்கள், எந்த அறையில் என்ன தப்பு என்றுகூட எழுதியிருப்பார்கள். பழைய கடிதம் இருந்து, அதற்குப் பிறகு சரிசெய்திருந்தால் அது குறையல்ல. தரச் சான்று எடுத்தவர்கள் எந்தச் சான்று வைத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்: ஐஎஸ்ஓ 9001 மட்டும் காட்டினால் போதாது, மருத்துவக் கருவிகளுக்கான 13485 வேண்டும். இன்டர்வியூவில் ஒரே ஒரு கேள்விக்கு இடம் கிடைத்தால், "கடைசியாக நிராகரித்த பேட்ச் எது, என்ன காரணம்?" என்று கேளுங்கள். தர உறுதிப் பிரிவின் தலைவர் உற்பத்தி மேலாளருக்குக் கீழே இருக்கிறாரா, நேராக நிர்வாகத்துக்குப் பதில் சொல்கிறாரா என்பதையும் பேச்சுவாக்கில் தெரிந்துகொள்ளுங்கள். "எங்களிடம் பேட்ச் ரிஜெக்ட்டே ஆகாது" என்று பெருமையாகச் சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள்.

திரும்பி வருவதைப் பற்றி: இரண்டு மூன்று வருடத்துக்குள் என்றால் சிரமமில்லை. உங்கள் எஃப்எம்இஏ (கோளாறு முன்கணிப்பு), எஸ்பிசி (புள்ளியியல் கட்டுப்பாடு), எம்எஸ்ஏ (அளவீட்டு முறை ஆய்வு), பிபிஏபி (பாக ஒப்புதல்) எல்லாம் அங்கே வேறு பெயரில் பயன்படும். அளவீட்டு முறை வேலிடேஷன் என்பது எம்எஸ்ஏவின் உறவுக்காரர். நீங்கள் எழுதிய 8டி பிரச்சினைத் தீர்வு அறிக்கை அங்கே கேப்பா (திருத்த, தடுப்பு நடவடிக்கை) ஆகும். ஆபத்து மேலாண்மையில் மட்டும் கவனம் தேவை. எஃப்எம்இஏ எது கெட்டுப்போகும் என்று ஆரம்பிக்கும்; மருத்துவக் கருவிகளின் ஆபத்து மேலாண்மைத் தரமான ஐஎஸ்ஓ 14971, எதுவும் கெட்டுப்போகாமல் சரியாக வேலை செய்யும்போதே நோயாளிக்கு என்ன தீங்கு வரலாம் என்றும் கேட்கும். ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால், சைக்கிள் டைமில் அரை விநாடி குறைக்கத் துடிக்கும் ஆட்டோமொபைல் ஆட்கள் உங்களை மெதுவான ஆள் என்று நினைக்கக்கூடும். அதற்குள் இந்தத் துறையிலேயே உங்களுக்கு வேறு கதவுகள் திறந்திருக்கும். மோல்டிங்கிலிருந்து வேலிடேஷன் பக்கம் நகருங்கள். மெஷின் தெரிந்து, புள்ளியியல் தெரிந்து, தெளிவாக எழுதவும் தெரிந்தவர்கள் குறைவு. மோல்டிங், சீலிங் வேலிடேஷன் அறிக்கையைத் தானாக எழுதத் தெரிந்தவரைக் கம்பெனிகள் தேடி எடுக்கின்றன. உரிமம், பதிவு வேலை பார்க்கும் ரெகுலேட்டரி பிரிவில் பின்னாளில் சம்பளம் நன்றாக ஏறும், ஆனால் அது முழுக்க மேசை வேலை, ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். முதல் வருடத்திலேயே அங்கே தாவ வேண்டாம். தரையில் நடப்பது தெரியாத ரெகுலேட்டரி ஆள் எழுதும் ஃபைல் ஆடிட்டில் முதல் கேள்விக்கே உதிரும்.

பாண்டைக் கையெழுத்திடும் முன் தொகை எவ்வளவு, மாதம் ஆக ஆக அது குறைகிறதா, எந்தப் பயிற்சிக்கான செலவு அது என்று பாருங்கள். வெளிநாட்டு மெஷின் கம்பெனியில் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்றால் நியாயம் உண்டு. க்ளீன் ரூம் உடை மாட்டச் சொல்லிக்கொடுத்ததற்கு இரண்டு வருடம் கேட்பது அதிகம். மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், நகல் போதும். போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற வரி இருந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு முறை காட்டுங்கள். வேலையை விட்ட பிறகும் கட்டிப்போடும் அப்படிப்பட்ட வரிகளுக்கு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சாதகமாக இல்லை. வேலை ஆணையில் பிரிவின் பெயர் "உற்பத்தி" என்று பொதுவாக இருந்தால் "மோல்டிங்" என்று திருத்தித் தரச் சொல்லுங்கள். அது கைக்கு வந்த பிறகு இப்போதைய கம்பெனியில் ராஜினாமா கொடுத்தால் போதும். இருவரும் ஒரே நாளில் சேர வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை: நீங்கள் முதலில் போய் மூன்று மாதம் உள்ளே இருந்து, சேம்பர் பக்கம் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு அவர் முடிவெடுக்கலாம்.